என்ஜினில் இறுகிய சேற்றை எடுப்பது எப்படி?

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)



மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறப்பது வழக்கம். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள்ளேயே தலைமடையில் சேற்று உழவு சூடு பிடித்துவிடும். இரும்புச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு டிராக்டர் வயலில் இறங்கினால், இன்றைக்கு நம் வயல், நாளைக்குப் பங்காளி வயல், அடுத்த நாள் வாடகைக்குக் கேட்டவர் வயல் என்று வண்டிக்கு ஓய்வே கிடையாது. இருட்டிய பிறகு வீட்டுக்கு வருகிறோம். வண்டியைக் களத்து ஓரத்தில் நிறுத்திவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுகிறோம். காலையில் மறுபடியும் சாவியைத் திருப்பி வயலுக்குப் புறப்பட்டுவிடுகிறோம்.

மாடு வைத்து உழுத காலத்தில் இப்படிச் செய்தோமா? ஏரை அவிழ்த்ததும் மாட்டை வாய்க்காலில் இறக்கி, வைக்கோலைச் சுருட்டித் தேய்த்து, கால் குளம்பு வரைக்கும் கழுவி விட்டு, அதுக்கு அப்புறம்தானே நாம் குளித்தோம்? டிராக்டரும் நம்முடைய ஏர் மாடுதான். அதுக்கும் வாய் கிடையாது. உடம்பு முழுக்கச் சேறு அப்பிக் கிடந்தாலும் அதனால் சொல்ல முடியாது.

"சேறுதானே, மண்ணுதானே, அது இரும்பை என்ன செய்துவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு விவசாயியும் அப்படித்தான் நினைத்தார். சம்பா நடவு நேரம். நாற்று பறிக்கும் பருவத்துக்கு வந்தாச்சு. இரண்டு வாரமாகக் கழுவாத வண்டி. நட்டநடு வயலில் உழுதுகொண்டிருந்தபோது சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. மனிதர் பதறிப்போய் வண்டியை நிறுத்தினார். நிறுத்தியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வாய்க்காலில் ஒரு குடம் தண்ணீரை மொண்டு வந்து கொதிக்கிற என்ஜின் மேலே ஊற்றிவிட்டார். "டக்"கென்று ஒரு சத்தம். சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விட்டுவிட்டது.

ஒர்க் ஷாப்பில் பிரித்துப் பார்த்தால், ரேடியேட்டரில் பாதிக்கு மேல் சேறும் வைக்கோல் தூசியும் அடைத்துக் கிடந்தது. என்ஜின் பக்கவாட்டில் கட்டைவிரல் கனத்துக்குக் காய்ந்த மண். வண்டி திரும்பி வருவதற்குள் நாற்றுக்கு வயது ஏறிப்போச்சு. முற்றிய நாற்றை நட்டார், தூர் கட்டவில்லை. ஹெட்டுக்குப் போன பணம் ஒரு பக்கம், விளைச்சலில் போன பணம் இன்னொரு பக்கம். ஒரு மணி நேர வேலையைச் செய்யாமல் விட்டதுக்கு அவர் கொடுத்த விலை அது.

ஆகவே, என்ஜின் மேல் இறுகிப்போன சேற்றை எப்படிச் சேதமில்லாமல் எடுப்பது என்பதை இன்றைக்கு விவரமாகப் பார்ப்போம்.

சேறு செய்யும் கெடுதல்

நாம் ஊற்றும் டீசலில் இருந்து வரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உழவு வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது. மிச்சத்தை ரேடியேட்டர் தண்ணீரும், ஆயிலும், என்ஜினின் மேல் பரப்பும் சேர்ந்து வெளியே தள்ள வேண்டும். மார்கழிக் குளிரில் நாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டால் உடம்புச் சூடு உள்ளேயே நிற்கிறதல்லவா? காய்ந்த சேறு என்ஜினுக்கு அந்தக் கம்பளி மாதிரி. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு ஓடச் சொன்னால் எப்படி இருக்கும்? அதைத்தான் நாம் வண்டிக்குச் செய்கிறோம்.

இரண்டாவது கெடுதல், சேறு நோயை மறைக்கிறது. எந்த இடத்தில் ஆயில் கசிகிறது, எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது, எந்த டியூப் வெடித்திருக்கிறது என்பதெல்லாம் மண்ணுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது. பெரிய செலவு எல்லாம் சிறிய கசிவில்தான் ஆரம்பிக்கும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. கியர் பெட்டிக்கும் பின் அச்சுக்கும் மூச்சுவிட ஒரு சின்ன வழி வைத்திருப்பார்கள். பிரீதர் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். ஆயில் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து அந்த வழியாக வெளியே வரும். சேறு அதை அடைத்துவிட்டால் காற்றுக்குப் போக வழியில்லை. அது ஆயிலை சீல் வழியாகப் பிதுக்கித் தள்ளும். சாயங்காலம் வண்டி குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, அதே சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். "சீல் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன், ஆயில் கசிவு நிற்கவில்லை" என்று சொல்கிறவர்கள் முதலில் இந்த மூச்சு வழியைப் பார்க்கணும்.

மூன்று விதமான மண்

இனி விஷயத்துக்கு வருவோம். என்ஜின் மேல் இருப்பதெல்லாம் ஒரே மண் என்று நினைத்து எல்லாவற்றையும் ஒரே மாதிரி சுரண்டுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. உண்மையில் அங்கே மூன்று விதமான மண் இருக்கிறது. பச்சை மண், எண்ணெய் மண், சுட்ட மண்.

செங்கல் சூளை பார்த்திருப்பீர்கள். அறுத்துக் காயவைத்த பச்சைக் கல் கையில் எடுத்தால் கல் மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரு மழை பெய்தால் கரைந்து சேறாகிவிடும். அதே கல் சூளையில் வெந்து வந்துவிட்டால் பத்து மழையானாலும் கரையாது. என்ஜின் பிளாக், ஆயில் சம்ப், கிளட்ச் பெட்டி ஆகிய இடங்களின் சூடு தண்ணீர் கொதிக்கும் சூட்டை ஒட்டித்தான் இருக்கும். அந்தச் சூட்டில் மண் காயுமே தவிர வேகாது. ஆகையால் அங்கே இருப்பது எவ்வளவு இறுகியிருந்தாலும் பச்சைக் கல்தான். தண்ணீர் கொடுத்து, நேரமும் கொடுத்தால் தானாக இளகும்.

எங்கெல்லாம் ஆயிலோ டீசலோ கசிகிறதோ அங்கே தூசியும் சேறும் எண்ணெயைக் குடித்துக் கறுப்பாகத் தார் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. இது எண்ணெய் மண். இதில் வெறும் தண்ணீர் இறங்காது.

புகைக் குழாய் புறப்படும் இடம் இருக்கிறதே, மேனிஃபோல்டு, அங்கே சூடு பல நூறு டிகிரிக்குப் போகும். அங்கே விழுந்த சேறு சூளையில் விழுந்த மாதிரி. நாள்பட்டால் ஓட்டாஞ்சில்லு போல ஆகிவிடும். இது சுட்ட மண். இதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரயோசனம் இல்லை.

எது எந்த மண் என்று தெரிந்துகொள்ளச் சுலபமான சோதனை இருக்கிறது. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, கட்டியின் மேல் விரலால் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீரை உறிஞ்சிக் கறுத்து, சற்று நேரத்தில் நகத்தால் கீறினால் குழைந்து வந்தால் அது பச்சை மண். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடினால் எண்ணெய் மண். தண்ணீரை உறிஞ்சியும் நகத்துக்கு அசைந்து கொடுக்காவிட்டால் சுட்ட மண். நோய் தெரிந்தால் மருந்து சுலபம்.

கழுவுவதற்கு முன்

முதல் விதி: சூடான என்ஜினில் தண்ணீர் படக்கூடாது. சூடான வார்ப்பிரும்பு திடீரென்று ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தால், அந்தப் பக்கம் சுருங்கும், மறுபக்கம் சுருங்காது. நடுவில் விரிசல் விடும். அடுப்பில் இருந்து இறக்கிய மண் சட்டியைத் தண்ணீரில் வைத்தால் தெறிப்பதும் இதே காரணம்தான். என்ஜின் மேல் வெறுங்கையை வைத்து நிதானமாகப் பத்து எண்ண முடிந்தால்தான் தண்ணீரைத் தொட வேண்டும். உழவு முடிந்து வந்த வண்டி அந்த அளவுக்கு ஆற ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். அதற்குள் நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. திறந்த நிமிஷம் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பிரேக் போட்டு, பின்னால் மாட்டியிருக்கும் கருவியைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டரியில் மைனஸ் கம்பியை முதலில் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டணும்.

அடுத்து மூட வேண்டியவற்றை மூட வேண்டும். காற்று வடிகட்டி மூச்சு இழுக்கும் வாய், சைலன்சர் குழாய் வாய், டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், ஃபியூஸ் பெட்டி, ஸ்விட்ச் போர்டு, டீசல் டாங்கி மூடி, ஆயில் ஊற்றும் வாய், ஆயில் குச்சி இருக்கும் இடம், பிரீதர். இவை ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கயிற்றால் கட்டுங்கள். உரச் சாக்கின் உள்ளே வரும் பிளாஸ்டிக் உறையே போதும். டீசல் பம்பையும் மூடி வையுங்கள். அதன் உள்ளே இருக்கும் பாகங்கள் தலைமுடியை விட மெல்லிய இடைவெளியில் ஓடுகின்றன. சூட்டோடு இருக்கும்போது அதன்மேல் குளிர்ந்த நீர் பட்டால் அவை இறுகிக்கொள்ளலாம்.

2023-ம் ஆண்டில் இருந்து 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்குப் புகை விதிகள் கடுமையாகிவிட்டன. அந்த வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார், ஒயர் இணைப்புகள் எல்லாம் என்ஜினைச் சுற்றியே இருக்கும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் அந்த இடங்களில் தண்ணீரே காட்டாமல் ஈரத் துணியால் மட்டும் துடைக்க வேண்டும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் எது எங்கே இருக்கிறது என்று படம் போட்டிருக்கும். ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை மண்ணுக்குச் சாக்கு வைத்தியம்

பச்சை மண்ணுக்கு வேண்டியது பலம் இல்லை, பொறுமை. முதலில் கையோடு வருகிற பெரிய கட்டிகளை மூங்கில் சிம்பால் தட்டி எடுத்துவிடுங்கள். இரும்பு உளி, மண்வெட்டி முனை, ஸ்க்ரூ டிரைவர் இவையெல்லாம் வேண்டாம். பிளாக்குக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கை தவறினால் டீசல் குழாயில் பள்ளம் விழும், ரப்பர் டியூப் கிழியும், அலுமினியத்தில் கீறல் ஆழமாக விழும்.

பிறகு பழைய சணல் சாக்கைத் தண்ணீரில் நனைத்து, மண் இருக்கும் இடத்தில் ஒட்டினாற்போல் போர்த்திவிடுங்கள். பக்கவாட்டில் நிற்காவிட்டால் கயிற்றால் கட்டுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை சாக்கின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். செம்மண்ணாக இருந்தால் அரை மணி நேரத்தில் இளகிவிடும். டெல்டா களிமண்ணுக்கும் கரிசலுக்கும் ஒரு மணி, இரண்டு மணி ஆகலாம். கரிசலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் ஊதிக்கொள்ளும். தண்ணீர் அதற்குள் மெதுவாகத்தான் இறங்கும். குடம் குடமாக ஊற்றினால் மேலே வழிந்து ஓடுமே தவிர உள்ளே போகாது. சாக்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். அதுதான் இதிலுள்ள சூட்சுமம்.

ஊறியது என்று எப்படித் தெரியும்? மூங்கில் சிம்பை வைத்து அழுத்தினால் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கணும். அப்போது சிம்பால் வழித்துவிட்டு, தேங்காய் நார் கொண்டு தேய்த்து, சாதாரணக் குழாய்த் தண்ணீரை மேலிருந்து கீழாக விடுங்கள். பாதிதான் வந்தது என்றால் மறுபடி சாக்கைப் போடுங்கள். அவசரப்பட வேண்டாம்.

எண்ணெய் மண்ணுக்குச் சீயக்காய் முறை

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெறும் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் எண்ணெய் போகுமா? போகாது. சீயக்காயை முதலில் எண்ணெய் மேலேயே போட்டுத் தேய்த்து, அது எண்ணெயைப் பிடித்த பிறகுதான் தண்ணீர் ஊற்றுகிறோம். எண்ணெய் மண்ணுக்கும் அதே வரிசைதான். முதலில் தண்ணீர் படக்கூடாது. இடம் காய்ந்திருக்கணும்.

தடியாக இருப்பதை முதலில் மூங்கில் சிம்பால் வழித்து ஒரு பழைய தகர டப்பாவில் போடுங்கள். பிறகு பெயிண்ட் அடிக்கும் பழைய பிரஷ்ஷால் டீசலைத் தொட்டுத் தடவி, கால் மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெய் இருந்தால் அதையும் தடவலாம், ஆனால் அது முன்போல் எளிதாகக் கிடைப்பதில்லை, டீசலே போதும். ஒரு வண்டிக்கு அரை லிட்டருக்கு மேல் தேவைப்படாது. அடியில் ஒரு தட்டை வைத்து, வழிகிற கறுப்பு எண்ணெயைப் பிடித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் மண் இளகியதும் துணியால் துடைத்துவிட்டு, துணி சோப்பையோ சோப்புத் தூளையோ கெட்டியாகக் கரைத்து அந்த இடத்தில் தடவி நுரை வரத் தேயுங்கள். கடைசியில்தான் தண்ணீர்.

இங்கே மூன்று எச்சரிக்கை. ஒன்று, பெட்ரோலை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும். தள்ளி நின்று பீடி பற்றவைப்பவரால்கூட வண்டியும் ஆளும் பற்றிக்கொள்ளும். டீசல் தடவும்போதும் பக்கத்தில் பீடியோ விளக்கோ வேண்டாம், சூடான என்ஜினிலும் தடவ வேண்டாம். இரண்டு, டீசல் ரப்பரைக் கெடுக்கும். ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் டியூப், என்ஜின் அடியில் இருக்கும் ரப்பர் கட்டை இவற்றின் மேல் பட்டால் உடனே சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

மூன்றாவது, காஸ்டிக் சோடா விஷயம். "ஒரு கை காஸ்டிக் சோடா போட்டால் பளிச்சென்று ஆகிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். அது எண்ணெயை மட்டும் தின்னாது. அலுமினியத்தையும் தின்னும். தோலில் பட்டால் வெந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். வேண்டாம். சலவைச் சோடா அவ்வளவு கொடுமை இல்லை. கழற்றி எடுத்த இரும்புப் பாகங்களை, ஒரு வாளி வெந்நீரில் ஒரு கைப்பிடி சலவைச் சோடா கரைத்து ஊறவைக்கலாம். ஆனால் அதுவும் அலுமினியத்துக்கு ஆகாது. எது இரும்பு, எது அலுமினியம் என்று சந்தேகமா? பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் சோடா கிட்டேயே போகக் கூடாது, சோப்பு மட்டும்தான்.

சுட்ட மண்ணுக்குக் கம்பி பிரஷ்

மேனிஃபோல்டில் ஓடு மாதிரி ஒட்டியிருக்கும் மண்ணை, ஆறிய பிறகு, காய்ந்த நிலையிலேயே மரச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். இரும்பு சூட்டில் விரியும், சுருங்கும். மண் அந்த அளவுக்கு விரியாது. அதனால் பெரும்பாலும் அடியில் ஏற்கெனவே பிடி விட்டிருக்கும். தட்டினால் சில்லு சில்லாக வந்துவிடும். மிச்சத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். தூசி கண்ணில் விழாமல் கண்ணாடியும், மூக்கில் ஏறாமல் துண்டும் கட்டிக்கொள்ளுங்கள். மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு, ஓங்கி அடித்தால் உடையும். தட்டுவது தேங்காய் உடைப்பது போல் இருக்கக் கூடாது, கதவைத் தட்டுவது போல் இருக்க வேண்டும்.

கம்பி பிரஷ் இங்கே மட்டும்தான். அலுமினிய மூடிகளிலும், பேக்கிங் உட்காரும் முகத்திலும் கம்பி பிரஷ் பட்டால் கீறல் வழியே ஆயில் கசிய ஆரம்பிக்கும்.

எல்லாம் எடுத்த பிறகும் சில இடங்களில் செம்மண் நிறம் கறையாக நிற்கும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கறை சூட்டைத் தடுக்காது. கட்டிதான் தடுக்கும். கறையைப் போக்குகிறேன் என்று அமிலம், கிமிலம் எதையாவது ஊற்றி நல்ல உலோகத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.

ரேடியேட்டருக்குத் தனிக் கவனம்

என்ஜினில் எதைக் கழுவாவிட்டாலும் ரேடியேட்டரைக் கழுவாமல் விடக்கூடாது. ஃபேன் முன்பக்கத்தில் இருந்து காற்றை உள்ளே இழுக்கிறது. ஆகவே தூசியும் வைக்கோலும் முன்பக்கத்தில் போய் அடைகின்றன. நாமும் முன்பக்கத்தில் இருந்தே தண்ணீரை அடித்தால் என்ன ஆகும்? அடைப்பு இன்னும் உள்ளே போய் இறுகும். எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகவே வெளியே தள்ளணும். ஃபேன் இருக்கும் பக்கத்தில் இருந்து முன்பக்கம் நோக்கித் தண்ணீர் விடுங்கள். குழாயை நேராகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். மடங்கிய தகடுகளை ஈர்க்குச்சியாலோ மெல்லிய மூங்கில் சிம்பாலோ ஒவ்வொன்றாக நிமிர்த்தலாம். இடையில் மண் காய்ந்திருந்தால் முதலில் தண்ணீர் தெளித்து அரை மணி ஊறவிட்டுப் பிறகு கழுவுங்கள். ஆணியால் குத்த வேண்டாம், குழாய் ஓட்டையாகும்.

சில டிராக்டர்களிலும் பம்ப் செட் என்ஜின்களிலும் ரேடியேட்டரே கிடையாது. சிலிண்டரைச் சுற்றி இருக்கும் தகடுகளுக்கு இடையே காற்று ஓடித்தான் சூடு தணிகிறது. அந்தத் தகடுகளின் இடுக்கில் சேறு அடைத்தால் வேறு கதியே இல்லை. இவற்றை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

கூடவே ஒரு வார்த்தை. வெளியே சேற்றை எடுக்கப் பாடுபடுகிற நாமே, தண்ணீர் குறைந்தால் வாய்க்காலில் மொண்டு ரேடியேட்டருக்குள் ஊற்றுகிறோம். அதில் இருக்கும் வண்டல் உள்ளே படிந்து குழாய்களை அடைக்கும். அதைச் சாக்குப் போட்டு எடுக்க முடியாது. நல்ல தண்ணீரும், வண்டிக்குச் சொன்ன கூலன்ட்டும் மட்டும் ஊற்றுங்கள். ஒரு கேன் நல்ல தண்ணீர் வண்டியிலேயே இருக்கட்டும்.

வேகத் தண்ணீர் அடிக்கலாமா?

"இவ்வளவு சிரமம் எதற்கு? சர்வீஸ் ஸ்டேஷனில் மெஷின் வைத்து அடித்தால் அஞ்சு நிமிஷத்தில் போய்விடுமே?" என்று கேட்பீர்கள். போகும். மண்ணோடு சேர்த்து வேறு சிலதும் போகும். வேகமாக அடிக்கும் தண்ணீர் பேரிங்கு சீலைத் தாண்டி உள்ளே நுழைந்து கிரீஸை வெளியேற்றும். ஒயர் இணைப்புக்குள் புகுந்து பச்சை பூக்க வைக்கும். ரேடியேட்டர் தகட்டை மடக்கும். சக்கரம், இரும்புச் சட்டம், மட்கார்டு, கலப்பை இவற்றுக்குத் தாராளமாக அடியுங்கள். என்ஜினுக்கு அடிப்பதானால் குறைந்தது ஒரு கை நீளமாவது தள்ளி நின்று, மூட வேண்டியதை எல்லாம் மூடிவிட்டு, வேகத்தைக் குறைத்து அடிக்கச் சொல்லுங்கள். அங்கேயும் வண்டி ஆறியிருக்கணும். பக்கத்தில் நின்று இதைச் சொல்ல வேண்டியது வண்டிக்காரர்தான்.

கழுவி முடித்த பிறகு

மூடியவற்றை எல்லாம் மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள். காற்று வாயில் பையை வைத்தபடியே ஸ்டார்ட் செய்தால் பை உள்ளே இழுத்துக்கொள்ளும். கட்டும்போதே எத்தனை பை என்று எண்ணி வைத்துக்கொள்வது நல்லது. ஒயர் இணைப்புகளையும் பெல்ட்டையும் காய்ந்த துணியால் துடைத்து, பாட்டரியை மாட்டி, என்ஜினை மெதுவான ஓட்டத்தில் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடவிடுங்கள். இடுக்குகளில் இருக்கும் ஈரம் காய்ந்துவிடும். என்ஜின் ஓடும்போது ஃபேன் பக்கம் துணியோடு போகாதீர்கள். வேட்டி, தோளில் துண்டு எதுவும் தொங்கக் கூடாது.

பிறகு கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றையும் துடைத்துவிட்டு கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸும் தண்ணீரும் வெளியே வந்து புது கிரீஸ் தெரியும்வரை அடிக்க வேண்டும். மறுநாள் காலையில் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் மோர் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். காற்று வடிகட்டி ஆயில் கிண்ணம் உள்ளதாக இருந்தால், கிண்ணத்தைக் கழற்றிச் சேற்றைக் கொட்டிவிட்டுப் புது ஆயிலைக் குறி வரைக்கும் மட்டும் ஊற்றுங்கள். காகித வடிகட்டியாக இருந்தால் அதை நனைக்கவே கூடாது.

இப்போது என்ஜின் சுத்தமாக இருக்கிறதே, அதுதான் சோதித்துப் பார்க்கச் சரியான நேரம். அன்றைக்கு ஒரு மணி நேரம் வேலை செய்த பிறகு, டார்ச் விளக்கை அடித்துச் சுற்றிப் பாருங்கள். எங்கே புதிதாக ஈரம் தெரிகிறதோ அங்கேதான் கசிவு. அந்தக் கசிவை நிறுத்தினால், அடுத்த பருவத்தில் எண்ணெய் மண்ணே சேராது.

கழுவிய தண்ணீர் எங்கே போக வேண்டும்?

வண்டியை வாய்க்காலிலோ குளத்திலோ இறக்கிக் கழுவுவது சுலபம்தான். ஆனால் டீசலும் ஆயிலும் தண்ணீரின் மேல் படலமாகப் பரவி மீனுக்கு மூச்சு முட்டச் செய்யும். அதே தண்ணீரைத்தான் நம் மாடு குடிக்கிறது, கீழ்மடைக்காரர் நாற்றங்காலுக்குப் பாய்ச்சுகிறார். களத்து ஓரத்தில், கிணற்றில் இருந்து தள்ளி, செங்கல் பரப்பிய ஓர் இடத்தை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் மண்ணை வழித்துப் போட்ட டப்பாவையும், தட்டில் பிடித்த கறுப்பு எண்ணெயையும் குப்பைக் குழியில் கொட்டாமல், பழைய ஆயில் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். எருக்குழியில் கொட்டினால் அது வயலுக்கே திரும்பி வரும்.

அன்றைய சேற்றை அன்றே

இவ்வளவு நேரம் சொன்னது எல்லாம் காய்ந்த சேற்றுக்கு. காயவே விடாமல் இருப்பது இதைவிடச் சுலபம். வயலை விட்டு வரப்பு ஏறியதும், சக்கரத்திலும் அச்சிலும் சுற்றிய வைக்கோலை அறுத்து எடுத்துவிடுங்கள். விட்டால் அது சீலை அறுக்கும். சில வண்டிகளில் கிளட்ச் பெட்டியின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சேற்றில் இறங்கும் முன் அதற்கு அடைப்பான் போட்டு, வெளியே வந்ததும் எடுக்க வேண்டும். உங்கள் வண்டியில் அது உண்டா என்று புத்தகத்தில் பாருங்கள். வீட்டுக்கு வந்து வண்டி ஆறியதும், ஈரச் சேற்றை ஒரு வாளித் தண்ணீரிலும் தேங்காய் நாரிலும் பத்து நிமிஷத்தில் எடுத்துவிடலாம். அதையே ஒரு வாரம் விட்டால் அரை நாள் வேலை. ஒரு பருவம் விட்டால் மெக்கானிக் வேலை.

வயலிலேயே வண்டி சூடேறிவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லி முடிக்கிறேன். கலப்பையைத் தூக்கி, பாரத்தை விட்டுவிட்டு, என்ஜினை மெதுவாக ஓடவிடுங்கள். முள் இறங்கினால் நல்லது. இறங்காவிட்டாலோ, ரேடியேட்டரில் தண்ணீர் ஒழுகினாலோ, பெல்ட் அறுந்திருந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். பிறகு வரப்பில் போய் உட்காருங்கள். குடத்தைத் தேடாதீர்கள். ஒரு மணி நேரம் உழவு நின்றால் ஒரு மணி நேரம்தான் நஷ்டம். ஹெட் வெடித்தால் ஒரு பருவமே நஷ்டம்.

பச்சை மண்ணுக்குச் சாக்கு, எண்ணெய் மண்ணுக்கு டீசலும் சோப்பும், சுட்ட மண்ணுக்குக் கம்பி பிரஷ். எல்லாவற்றுக்கும் முன்னால், வண்டி ஆற வேண்டும். இதை வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.